அரசாங்கப் பத்திரமும் ஆளில்லாத வரிசையும்

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை நடந்தவை:

1. காலை ஆறு மணி. காந்திபுரத்தில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில், அதுவரை நான் பார்த்திராத மயிலாத்தாள் அக்கா போய் நின்றார். மார்கழிக் குளிர். தலையில் துண்டு, கையில் தூக்குப்போசி.

2. மாடியில், அவர் பணம் போட்டிருக்கும் அரசாங்கக் கடன்பத்திர ஃபண்டின் ஆபீஸ். ஷட்டர் இறங்கிக் கிடந்தது.

3. அவருக்கு முன்னால் வரிசையில் யாரும் இல்லை. பின்னாலும் யாரும் வந்து சேரவில்லை.

4. அரை மணி நேரம் பார்த்தார். பயம் தாங்கவில்லை. டவுன் பஸ் ஏறிவிட்டார்.

5. ஏழேகாலுக்கு, பீளமேட்டில் நான் மோட்டார் டெஸ்டிங் பார்க்கும் பம்ப்செட் கம்பெனியின் கேட்டில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். கம்பெனிக் கதைகளைப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் அளந்துகொண்டே இருக்கிறேன் அல்லவா... கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

அவர் கையில் இந்தப் பத்தியின் பழைய கட்டிங் ஒன்று. கடன்பத்திர ஃபண்ட் பற்றி ஜனவரியில் எழுதியது. 'அரசாங்கம் ஓடிப்போகாது' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

"ஏனுங்க அம்மணி, இதை எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க்கா."

"போட்டோவுல பெரியவங்களாட்டம் இருந்துச்சு" என்றார். குரலில் ஏமாற்றம்.

கேட் பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்தேன். மில்லில் வைண்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் நூல் சுற்றியவர். மில் மூடியபோது வந்த செட்டில்மென்ட் பணத்தில் பாதியை ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டார். அது போயே போய்விட்டது. மீதி ஐம்பதாயிரத்தை, என் பத்தியை மகள் படித்துக் காட்டியதால், இந்த ஃபண்டில் போட்டார். பத்து ரூபாய் வீதம் ஐயாயிரம் யூனிட். மகள் நர்சிங் படிக்கிறாள். இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் இருபத்திரண்டாயிரம் ஃபீஸ் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள்.

ஜூனில் இரண்டாயிரம் ரூபாய் டிவிடெண்ட் செக் வந்திருக்கிறது. டிசம்பரில் வரவில்லை. பேப்பரில் யூனிட் விலை ஒன்பதரைக்கு இறங்கிவிட்டது.

"பைனான்ஸுலயும் இப்படித்தானுங்க. மொதல்ல வட்டி வரலை. அப்பறம் 'அடுத்த வாரம் வாங்க'ன்னாங்க. மூணாவதா ஷட்டரு."

"ஃபண்ட் ஆபீஸ் பத்து மணிக்குத்தானுங்க்கா திறப்பாங்க."

"பைனான்ஸுக்கும் பத்து மணின்னுதான் சொன்னாங்க. விடியறதுக்கு முன்னால போய் நின்ன பதினேழு பேருக்குப் பாதியாச்சும் கெடச்சுது. நான் நாப்பதாவது ஆளுங்க."

"இன்னைக்குத்தான் உங்களுக்கு முன்னால யாருமே இல்லையே. அப்புறம் என்னங்க பயம்?"

"அதானுங்க பயம். எல்லாரும் பணத்தை வாங்கிப்போட்டுப் போயிட்டாங்களாட்டம் இருக்குது. எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சிருக்குது."

கூட்டம் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். இந்த ஊர் ஷட்டர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டிவிடெண்ட் என்பது வட்டி அல்ல. அதே பானையிலிருந்து மொண்டு தருவது. ஜூனில் யூனிட்டுக்கு நாற்பது பைசா தந்தார்கள். மறுநாளே பத்து அறுபதாக இருந்த விலை பத்து இருபது ஆயிற்று. பானையில் ஏறவில்லை என்றால் மொள்ளவும் மாட்டார்கள்.

சரி, பானைக்குள் இருக்கும் அரசாங்கப் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது? பழைய பத்திரம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி தருகிறது. புதுசு பதினொன்று தந்தால், பழசை யார் முழு விலைக்கு வாங்குவார்? அதுவும் இருபது வருஷப் பத்திரம் என்றால் அந்தக் குறைச்சல் இருபது வருஷத்துக்கு... அதனால் விலை அதிகமாகவே விழும். யாரும் ஓடிப்போகவில்லை. ஆனாலும் விழும்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நீங்க எவ்வளவுங்க போட்டிருக்கறீங்க?"

"நான்... போடலீங்க்கா."

"சமைக்கறவிங்க ஆக்குன சோத்தை உங்காம இருக்கறதும் உண்டுதானுங்களே" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அரை நாள் லீவு போட்டேன். பத்து மணிக்கு இரண்டு பேரும் அந்த மாடி ஏறினோம். ஷட்டர் திறந்திருந்தது. ஒரே ஒரு கிளார்க் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃபீஸுக்குத் தேவையான அளவுக்கு, இரண்டாயிரத்து நானூறு யூனிட் விற்க ஃபாரம் நிரப்பினோம்.

"இன்னைக்கு என்ன விலைங்க?" என்று அக்கா கேட்டார்.

"சாயங்காலம்தாங்க தெரியும். கையெழுத்துப் போடுங்க."

விலை தெரியாமல் கையெழுத்து! அக்காவின் பேனா காகிதத்தின் மேல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். வைண்டிங் மிஷின் ஓடும்போதே அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்ட விரல்கள் ஃபாரத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தன. நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார். ஜனவரியில் எழுதியது ஊருக்கு. இந்தத் தலையாட்டல் ஓர் ஆளுக்கு. இதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

படி இறங்கும்போது இன்னொன்று கேட்டார். "ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னு போயிருமாமுங்க. எம்பட யூனிட்டு அதுக்குள்ளதானுங்களே இருக்குது?"

நான் எலெக்ட்ரிகல் படித்தவள். 'நிற்காது' என்று சொல்லத் தைரியம் வரவில்லை. திரும்ப ஏறி, கணக்கு விவரத்தை பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து வாங்கி வந்தோம்.

அன்று இரவு ஜனவரிக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். அதில் ஒரு வரி இருந்தது. அச்சில் இல்லை. ஆசிரியர் வெட்டவில்லை... நான்தான் வெட்டினேன். பக்கத்தில் இடம் போதவில்லை. எங்கள் கேன்டீன் காபியைப் பற்றி ஒரு ஜோக்கை விட மனசில்லை. அந்த ஜோக் இன்று யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கே கூட.

எங்கள் டெஸ்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை வாங்கிய நல்ல மோட்டார் என்பதற்காக அப்படியே அனுப்பிவிட மாட்டோம். எத்தனை அடி ஆழக் கிணற்றுக்கு என்று தகட்டில் பொறித்துத்தான் அனுப்புவோம். ஆழம் தப்பினால் நல்ல மோட்டாரும் உள்ளே கம்பிச் சுருள் எரிந்துதான் கிடக்கும். நான் மோட்டாரைப் புகழ்ந்துவிட்டு, தகட்டை ஒட்டாமல் அனுப்பியிருக்கிறேன்.

அந்த வரி இதுதான்: 'மூன்று வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போட வேண்டாம்.'

பதினோரு மாதம் தாமதம். மன்னியுங்கள்.

இன்றைய நிலவரம்: ஒன்பது ரூபாய் நாற்பத்தாறு பைசா வீதம் செக் வந்துவிட்டது. மகளின் ஃபீஸ் கட்டியாயிற்று. ரசீதை அக்கா கொண்டுவந்து காட்டினார். இரண்டாயிரத்து அறுநூறு யூனிட் மீதி இருக்கிறது. சனிக்கிழமை பேப்பரில் விலை ஒன்பது நாற்பத்திரண்டு. ஏறுமா, எனக்குத் தெரியாது. தினமும் தலைப்புச் செய்திக்கு முன்னால் யூனிட் விலை போடும் கட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

புது வருஷத்தின் முதல் வேலை நாளன்று, கம்ப்யூட்டருக்குள் யூனிட் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க, காலை ஆறு மணிக்கு மறுபடியும் அந்த மாடிப்படியில் போய் நிற்பதாக அக்கா சொல்லியிருக்கிறார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நானும் போகிறேன்... வரிசையில் இரண்டாவது ஆளாக.