வியாழக்கிழமை ஸ்லைடு

திங்கட்கிழமை காலை ஜெயராணி அக்காவுக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு எங்கள் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் படியேறி வந்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து போன். அக்கா நேத்து ஆஸ்பத்திரில தவறிட்டாவளாம்." சொன்னபடி இரண்டு டீயும் வந்தன. அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது.

ராஜபாளையத்தில் எங்களிடம் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். கையை இழுத்துக்கொள்ளும் மில் தொழிலாளியிடம், "அம்புட்டுப் பெரிய மிஷினை மேய்க்கீக, இந்த ஊசிக்கா பயம்?" என்பார். அந்த ஆள் சிரித்து முடிப்பதற்குள் ரத்தம் எடுத்திருப்பார்.

ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடுகளுக்குப் போடும் சாயத்தைப் புதிதாகக் கலக்கும்போதெல்லாம் தன் விரலைக் குத்தித்தான் சோதிப்பார். எண்பத்தாறிலிருந்து, ஒவ்வொரு ஆண்டின் முதல் ஸ்லைடையும் பத்திரப்படுத்தினார். எதற்கு என்று கேட்டேன்.

"வெள்ளையணு கிருமியை முழுங்கிருதுல்லா? கிருமி செத்தாலும் அதோட சுவரு லேசுல செரிக்காதாம். அந்த உடைசலைச் சுமந்து சுமந்துதான் நமக்கு வயசாகுதோ என்னவோ. அறுபது வயசுல எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பாக்கணும்ட்டி."

"நம்ம மைக்ராஸ்கோப்புல அதெல்லாம் தெரியாதும்மா" என்றார் எங்கள் ஆய்வக டாக்டர்.

"தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா டாக்டர்?"

போன வியாழக்கிழமை அவர் காய்ச்சலோடு வந்தார். காலில் ஆணி குத்திய புண். அன்று சாயம் கலக்கியவள் நான். வழக்கம்போல் தன் விரலைக் குத்திக்கொண்டார். தலை சுற்றுகிறதென்று ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். வெள்ளையணுக்களில் ஊதாப் புள்ளிகள் தெரிந்தன.

"சாயத்துல தூசி அக்கா. வடிகட்டணும்."

"நீ கலக்கினா வேற எப்படி இருக்கும்?" என்று சிரித்தார்.

வடிகட்டினேன். அவரை மறுபடி குத்த மனம் வரவில்லை. என் விரலைக் குத்தினேன். ஸ்லைடு சுத்தமாக இருந்தது. "சரியாயிருச்சு" என்றேன். "அப்ப நான் செத்த நேரம் படுக்கப் போறேன்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

ரத்தத்தில் கிருமி கலந்ததால்தான் இறந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் வியாழக்கிழமை ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தூசியென்றால் எங்கும் விழுந்திருக்கும். இங்கே புள்ளிகள் வெள்ளையணுக்களுக்குள் மட்டுமே இருந்தன. வெளியே ஒன்றுகூட இல்லை. அவை தூசி அல்ல, அணுக்கள் விழுங்கிய கிருமிகள். இரண்டாவது ஸ்லைடு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் வடிகட்டிய சாயம் அல்ல, என் ரத்தம்.

அன்றே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அந்த ஸ்லைடைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். இந்த இரங்கல் குறிப்பைப் படிக்கும், அக்காவை நேசித்த உங்களிடம் இதை மறைக்க என்னால் முடியவில்லை.

அவருடைய மற்ற ஸ்லைடுகளை அவர் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இதில் அக்காவின் வெள்ளையணுக்கள் வாய் நிறைய விழுங்கியபடி நிற்கின்றன. வியாழக்கிழமை காலை அவை இன்னும் தோற்றிருக்கவில்லை.