ஐந்து மில்லி

குழந்தைகள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவருக்கு 'மறுபடி அக்கா' என்று பெயர். போனில் யார் எந்த அளவைச் சொன்னாலும் "மறுபடியும் சொல்லுங்க" என்பார். டாக்டர்களுக்கு எரிச்சல்தான். பதினெட்டு வருடமாக அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அங்கே பாதி மருந்துகள் பெரியவர்களுக்கென்று வந்தவை. குழந்தைக்குத் தரலாம் என்று பெட்டியில் அச்சடித்திருக்காது. வேறு வழியில்லாதபோது டாக்டர் ஆதாரம் பார்த்து, பெற்றோரிடம் விளக்கி, எடைக்கேற்ப எழுதுவார். மாத்திரையைப் பொடித்துக் கரைசலாக்குவது அக்காவின் வேலை.

அன்று எட்டு மாதக் குழந்தை ஒன்று வீடு திரும்பியது. எகிறும் இதயத் துடிப்பை அடக்கும் மருந்து, வேளைக்கு ஐந்து மில்லிகிராம். கரைசலில் அது இரண்டரை மில்லிலிட்டர். வார்டில் இருந்தவரை அக்காவே சிரிஞ்சில் அளந்து அனுப்பினார். இப்போது ஒரு வாரத்துக்கான பாட்டில். லேபிளில் இரண்டு அளவையும் எழுதியிருந்தார்.

ஒன்றே முக்காலுக்கு வார்டு நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

"என்னக்கா இவ்ளோ கஞ்சத்தனம்? பாட்டில் நாலு நாள்கூட வராதாம். அந்தம்மா கணக்குப் போட்டுச் சொல்லிட்டு இப்பதான் கிளம்பினாங்க."

"ஒரு வாரத்துக்கு ஊத்தியிருக்கேனே. எவ்வளவு குடுக்கச் சொன்னே?"

"நீங்க எழுதினதுதான். அஞ்சு மில்லி."

"மறுபடியும் சொல்லு."

"அஞ்சு மில்..." குரல் பாதியில் நின்றது.

மில்லிகிராமும் மில்லி, மில்லிலிட்டரும் மில்லி. பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். இரண்டு மடங்கு மருந்து போனால் அந்தச் சின்ன இதயம் துவண்டுவிடும். அடுத்த வேளை இரண்டு மணிக்கு. தாயின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அக்கா கவுன்ட்டரை விட்டு ஓடினார்.

"அக்கா, அடுத்த டோக்கன் நான்தான்! என்னைப் பார்த்தா ஓடுறீங்க?" என்றார் வரிசையில் நின்றவர். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தாய். மடியில் குழந்தை. சிரிஞ்சு ஐந்து வரை நிரம்பி, உதட்டருகே இருந்தது.

"குடுக்காதம்மா!"

தாய் சிரிஞ்சைச் சட்டென்று விலக்கினாள். "ரெண்டு மணிக்குத் தவறாமக் குடுக்கணும்னாங்களே... இவன்தான் வாயத் திறக்க மாட்டேங்கிறான்."

"ஏற்கெனவே கொஞ்சம் குடுத்தியா?"

"ஒரு சொட்டுகூட இல்லக்கா."

அக்கா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு திரும்பியதும், சிரிஞ்சின் இரண்டரையில் சிவப்பு மையால் கோடிட்டார். லேபிளில் மில்லிகிராம் அளவை அடித்து நீக்கினார்.

"எது வரைக்கும் குடுப்பே?"

"இந்தச் சிவப்புக் கோடு வரைக்கும்."

"மறுபடியும் சொல்லு."

திரும்பி வந்ததும் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, தவறுகள் பதியும் நோட்டைத் திறந்தார். முதலில் எழுதியது நர்ஸின் பெயரை அல்ல: 'லேபிளில் இரண்டு அளவுகள் எழுதியது நான்.'