ரிக்மோர் விட்டுவைத்த ஒரு தக்காளி

பறித்த பிறகுதான் யோசிப்பார் ரிக்மோர். "டக்." காம்போடு கைக்கு வந்த பச்சைத் தக்காளியைப் பார்த்து, "அடடா, இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கலாமே" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த "டக்". செப்டம்பர் பிறந்தால் போதும், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர் ஓரத்துத் தோட்டத்தில் இந்த அம்மாவின் செடிகள் மொட்டை. கேட்டால், "மழை வந்தா அழுகும், பனி வந்தா கூழாயிடும். எவ காத்துக்கிட்டு உக்காந்திருப்பா?" என்று நம்மையே முறைப்பார்.

பஸ் ஓட்டுவது வேலை. நேரத்துக்கு முன்னால் கிளம்பக்கூடாதாம். அதனால் நிறுத்தத்தில் ஸ்டியரிங்கில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். பார்க்கிற பயணிகளுக்கே மூச்சு முட்டும்.

பறித்ததை வீணாக்கமாட்டார், அதையும் சொல்லவேண்டும். சின்னக் காய்களை ஊசியால் குத்தி, வினிகர், சர்க்கரை, வனிலாவோடு காய்ச்சி ஜாடியில் அடைப்பார். பெரியதை வட்டமாக நறுக்கி வெண்ணெயில் பொரிப்பார். எல்லாம் அமிர்தம்தான். ஆனால் பத்தொன்பது வருடமாக அதையே தின்றுவரும் கணவர் ஸ்வென் பாவம்.

இதய அறுவை சிகிச்சைக்குக் கிளம்பும்போது ஸ்வென் சொன்னார்: "சனிக்கிழமை வந்துடுவேன். நம்ம செடியிலேயே பழுத்த ஒண்ணை ரொட்டியில வச்சுத் திங்கணும். ஜன்னல்ல பழுக்கவச்சு ஏமாத்தாதே, எனக்குத் தெரிஞ்சிடும்."

"அது என்ன, கால் முளைச்சு ஓடவா போகுது? இருக்கும், போய்ட்டு வா" என்று ரிக்மோர் சிரித்தார். அழுகையை விழுங்கிய சிரிப்பு.

சனிக்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. காய்ச்சல் விடவில்லை, எப்போது அனுப்புவோம் என்று சொல்லமுடியாது என்றார்கள். மாலைவரை ரிக்மோர் தோட்டத்தில்தான். உட்காரவில்லை. கடைசிச் செடியில் ஒரே ஒரு தக்காளி, அடிப்பக்கம் மட்டும் லேசாக மஞ்சள். அதை நூறு முறையாவது சுற்றி வந்திருப்பார்.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து வெர்னர் குரல் கொடுத்தார். "ராத்திரி உறைபனியாம், பறிச்சிடு ரிக்மோர்! ஸ்வெனுக்கு எங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, வெர்னர்."

சொன்னாரே தவிர, விரல்கள் காம்பைப் பிடித்துவிட்டன. இதைப் பறித்துவிட்டால் ஸ்வென் வரமாட்டார் என்று ஒரு பயம், காரணமே இல்லாத பயம். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். போட்டிருந்த கம்பளிக் கோட்டைக் கழற்றிச் செடியைச் சுற்றிப் போர்த்தினார். காற்றில் உடம்பு வெடவெடக்க, குனிந்து, கீழிருந்து கழுத்துவரை பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.