பதில் வரும்வரை சமரீன்

"இன்ட், ரெண்டு. ஸ்ட்ரிங், டீ. பூலியன், சக்கரை வேணாம்."

எதிர்க்கடை டீ மாஸ்டர் ஏழு வருடமாக இதைக் கேட்கிறார். "பூலியன் டீ ரெண்டு!" என்று திரும்பக் கத்துகிறார். அவர் கத்தும்வரை சமரீன் நகர்வதில்லை. ஒருநாள் அவர் வெறுமனே தலையாட்டினார். இவள் வெயிலில் அப்படியே நின்றாள். "தலைய ஆட்டுனா பதிலாண்ணா? எத்தன டீ, என்ன டீன்னு சொல்லுங்க."

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், எட்டடிக்குப் பத்தடிக் கடை. கணினி பழுது, பிரிண்டர் மை என்று பலகையில் எழுதியிருக்கிறது. உண்மையான வேலை வேறு. சுற்றுவட்டாரத்தில் பால் குளிரூட்டும் தொட்டி, சொட்டுநீர் மோட்டார், பட்டுப்புழு அறை என்று எங்கெங்கோ சுவரில் மாட்டிய சிறு பெட்டிகளுக்குள் கணினிகள் உண்டு. அவற்றின் தொடுதிரைகள் ஈரத்திலும் தூசியிலும் சீக்கிரம் செத்துவிடும். திரை செத்தால் சமரீன் போவாள். மடிக்கணினியை மாட்டி, கட்டளை எழுதும் கறுப்புச் சன்னலைத் திரையில் திறந்து, ஒரே ஒரு வரி தட்டுவாள். பெட்டிக்குள் ஓடும் ஒரு நிரலுக்கு வெளியிலிருந்து சேதி போகும். மின்விசிறி சுற்றும், அல்லது நிற்கும்.

அந்தச் சேதிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. யாருக்கு, என்ன வேலை என்று சொன்ன பிறகு மதிப்புகளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அது என்ன வகை என்று எழுத வேண்டும். முழு எண் என்றால் இன்ட், தசமம் என்றால் டபுள், சொல் என்றால் ஸ்ட்ரிங், ஆமாம் இல்லை என்றால் பூலியன். ஒரே வகையில் பலவற்றை வரிசையாகக் கொடுத்தால் அர்ரே. மூன்று மதிப்பில் ஒன்றுக்கு வகை மாறினாலும் மூன்றும் சேர்ந்து திரும்பிவிடும். "நம்ம ஊர்ல பேரு சொன்னதும் யாரு வூடுன்னு கேப்பாங்க இல்ல? இதுக்கு வூடு மொதல்ல, பேரு அப்புறம்" என்பாள்.

வேலை ஆளுக்குள் இறங்கிவிட்டது. காய் வாங்கப் போனால், "அர்ரே, ஸ்ட்ரிங்: கத்திரி, முருங்க, பீர்க்கங்கா" என்று ஒரே மூச்சில் சொல்வாள். அதன் நடுவே நான் அரை கிலோ எவ்வளவு என்று கேட்டால் கோபம் வரும். "அர்ரேல எல்லாம் ஒரே வகையா இருக்கணும். வெலை தனியா கேளு." முப்பத்தொரு வயது. ஒல்லி. வலது காதுக்குமேல் தலைத்துணியில் செருகிய நீலப் பேனா. இடது கை மணிக்கட்டில், கைக்கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில், அன்றைய வேலைகள் எழுதிய காகித ஒட்டுப் பட்டை. வாட்ஸப்பில் நீல டிக் விழுந்தால் போதாது. கட்டைவிரல் படம் அனுப்பினால் உடனே போன் அடிப்பாள். "வெரல் எதுக்குங்க? வாயத் தொறந்து சரின்னு சொல்லுங்க."

காரணத்தையும் அவளே சொல்லியிருக்கிறாள். கட்டளையில் 'பதிலைக் காட்டு' என்று ஒரு துண்டைச் சேர்க்காவிட்டால், சேதி போனதா, சேர்ந்ததா, மறுக்கப்பட்டதா என்று எதுவுமே தெரியாது. சன்னல் சும்மா அடுத்த வரிக்கு வந்து நிற்கும். "திட்டுனாக்கூடப் பரவால்ல. அது பாட்டுக்கு கம்முனு இருக்கும் பாரு, அதான் பயம்."

நான் நாலு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்து அவள் கடைக்கு மேலறையில் இருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியாததால் அவள் வண்டியின் பின்னால் உட்கார்கிறேன். சித்திரை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை மணிக்கு, கோகிலவாணி அக்காவின் போன் வந்தபோதும் உடனிருந்தேன்.

கோகிலவாணி ஒகேனக்கல் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிராமத்தில் இளம்புழு வளர்ப்பு மையம் வைத்திருப்பவர். பட்டுப்புழு முட்டைகளைப் பொரிக்கவைத்து, எறும்பு அளவில் கறுப்பாக வெளிவரும் குஞ்சுகளை எட்டு நாள் பத்திரமாக வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பார். அந்த வாரப் புழுவுக்காக ஏழு குடும்பங்கள் மல்பெரியைக் கவாத்து செய்து, தழை துளிர்க்கும் நாளைக் கணக்கிட்டுக் காத்திருந்தன. புழுவறை இருபத்தேழரை டிகிரியில் இருக்க வேண்டும். போனில் அவர் சொன்னது: "முப்பத்திமூணு காட்டுது சமரீன். ஃபேனே ஓடல. நேத்துத்தான் பொரிஞ்சுதுங்க எல்லாம்."

"டபுளா இன்ட்டாக்கா, முப்பத்திமூணா, முப்பத்திமூணு புள்ளி ஏதாச்சுமா?"

"அடி, வா மொதல்ல!"

போய்ச் சேர இருபது நிமிடம். வாசலில் செருப்பைக் கழற்றி, கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்து உள்ளே போனோம். சன்னல்களில் ஈரச்சாக்கு தொங்கியது. விசிறியைக் கையால் போடும் சுவிட்சை, பெட்டி மாட்டிய ஆட்களே அப்போதே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுக்கடுக்காகத் தட்டுகள். கோகிலவாணியின் தம்பி மதியழகன் மெழுகுத்தாளை விலக்கிவிட்டு, கோழி இறகால் புழுக்களை நகர்த்திக்கொண்டிருந்தார். நாற்பது வயது மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

திரை போன வாரம் செத்தது. புதுத் திரை வரும்வரை கைபேசியிலிருந்தே தட்டும்படி சமரீன் ஒரு துண்டுச் சீட்டில் கட்டளையை எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். நேற்று மாலை, புழு பொரிந்ததும், காலி அறை நிலையிலிருந்து புழு நிலைக்கு மாற்ற அதைத் தட்டியவர் மதியழகன். இரவும் விடிகாலையும் குளிர்ச்சியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஒத்த வரி அடிக்கத் தெரியல இவனுக்கு" என்றார் அக்கா. "நாப்பது வயசாவுது. வெரல் என்னமோ வெண்டக்கா மாதிரி. எத எத அமுக்குனானோ."

"நாலு தரம் அடிச்சன்க்கா. சீட்டப் பாத்துத்தான் அடிச்சன்."

"நாலு தரமும் தப்பா அடிச்ச. அதான் ஏழு பேரும் அடுத்த வாரம் வந்து என் மூஞ்சியில காறித் துப்பப் போறாங்க."

மதியழகன் கையில் நகர்ந்துகொண்டிருந்த இறகு நின்றது.

சமரீன் தரையில் சம்மணமிட்டு மடிக்கணினியை மாட்டினாள். "பொறுங்கக்கா. அண்ணன் வெண்டக்கா வெரலால என்ன எழுதியிருக்காருன்னு பாப்போம்" என்று சிரித்தபடி, பெட்டியில் பதிவாகியிருந்த, இதுவரை தட்டிய வரிகளை மேலே உருட்டினாள். சுவர்மானி முப்பத்துநான்கைத் தொட்டிருந்தது.

நாலு வரிகள். அவள் ஒவ்வொன்றாகச் சீட்டோடு ஒப்பிட்டாள். விரலை எழுத்தின்மேல் வைத்து நகர்த்தினாள். சிரிப்பு போய்விட்டது. நாலும் சீட்டில் இருந்ததுபோலவே இருந்தன, ஓர் இடைவெளிகூடப் பிசகாமல்.

சீட்டில் இருந்ததையே அவளும் ஒருமுறை தட்டினாள். சன்னல் அமைதியாக அடுத்த வரிக்கு வந்தது. பிறகு அதே வரியில் 'பதிலைக் காட்டு' துண்டைச் சேர்த்துத் தட்டினாள். இப்போது பதில் வந்தது. வகை பொருந்தவில்லை, சேதி மறுக்கப்பட்டது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. போன மாதம் அக்கா அரை டிகிரியும் வேண்டுமென்று கேட்டதால், பெட்டிக்குள் இருந்த நிரலைத் தசமம் வாங்கும்படி மாற்றியவள் சமரீன். சீட்டை எழுதும்போது பழைய பழக்கத்தில் 'இன்ட், இருபத்தேழு' என்று எழுதியவளும் அவள்தான். வரி நீளமாக இருந்தால் மதியண்ணன் தடுமாறுவார் என்று, அந்தப் பதில் துண்டையும் வெட்டியிருந்தாள். டீக்கடையில் தலையாட்டலை ஏற்காதவள் இவரைப் பதிலே கேட்கவிடவில்லை.

வேகமாகத் தட்டினாள். ஸ்ட்ரிங், புழு. டபுள், இருபத்தேழரை. பூலியன், ஆமாம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். பதில் வந்தது. அதை மூன்று முறை படித்தாள். அறையின் கோடியில் விசிறிகள் முனகி, தயங்கி, பிறகு முழு மூச்சில் சுற்றின. ஈரச்சாக்குகள் உள்நோக்கி உப்பின. முப்பத்துமூன்று புள்ளி எட்டு. ஆறு. மூன்று.

கோகிலவாணி இறகோடு ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். கீழ் அடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள் நெளிந்தன. கூரைக்கு அருகே, உச்சியடுக்கில் இரண்டு தட்டுகளில் எதுவும் அசையவில்லை. இறகால் தடவினார். மறுபடி தடவினார்.

"ரெண்டு தட்டு போச்சு" என்றார். பிறகு சமரீன் பக்கம் திரும்பி, "நல்லவேள நீ வந்த பாப்பா. இவன நம்பியிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

மதியழகன் அந்த இரண்டு தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மல்பெரித் தோட்டத்தின் கடைசியில் சுண்ணாம்புக் குழி இருக்கிறது.

பேசாமல் விட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை, இன்னொருவர் பேரில் பழி ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. சமரீன் பெட்டியோரச் சீட்டைக் கிழித்தாள். "அக்கா, மதியண்ணன் ஒண்ணும் தப்பா அடிக்கல. சீட்டே தப்பு. எழுதுனது நான்."

கோகிலவாணி அவளை வெறித்துப் பார்த்தார். "என்ன சொல்ற நீ?"

"நாலு தரமும் கரெக்டா அடிச்சிருக்காருக்கா. நான் எழுதுனது தப்பு. தப்புன்னு அவருக்குத் தெரியாத மாதிரியும் நாந்தான் எழுதி வெச்சன்."

"அவன்ட்டப் போயி சொல்லு" என்றார் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சமரீன் காதுக்குமேல் இருந்த பேனாவை எடுத்து புதுச் சீட்டு எழுதினாள். நீளமான வரி. பதில் துண்டின் கீழே இரண்டு கோடு இழுத்தாள். ஒட்டிவிட்டு வெளியே வந்தாள்.

தோட்டத்தின் ஓரத்தில் நின்று கூப்பிட்டாள். "மதிண்ணா! தப்பு என்னுதுண்ணா. அக்காகிட்ட சொல்லிட்டன். உங்க மேல ஒண்ணுமில்ல."

நூறடி தள்ளி அவர் குழியருகே குனிந்திருந்தார். கேட்டிருக்கும். தட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைத் தட்டினார். நிமிரவில்லை. அடுத்த தட்டை எடுத்தார்.

"போலாமா?" என்றேன். அடுத்ததாகக் கடத்தூரில் ஒரு பால் தொட்டி இருக்கிறது என்று அவள் மணிக்கட்டில் எழுதியிருந்தது. அங்கிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அவள் ஹெல்மெட்டை மாட்டி, வார்ப்பட்டையைப் பூட்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் துளைவரை கொண்டுபோனாள். பிறகு அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, குனிந்திருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.