‘வந்துட்டேன்’ என்பது எந்தக் காலம்?

என் வீட்டுக்காரர் மோகன் ஃபோனில் “வந்துட்டேன்” என்றால், வீட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே, கினிகத்தேனையில் இறங்கி பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். “வாறேன்” என்றால் இன்னும் கொழும்பையே தாண்டவில்லை. “வருவேன்” என்றால்... நான் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடலாம்.

கொழும்புக்கும் எங்கள் ஊர் ஹட்டனுக்கும் வேன் ஓட்டுகிற இந்த மனிதருக்குத்தான் அண்மையில் இங்கிலீஷின் எதிர்காலத்தைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் டிரைவர் வேலை. வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போக வேண்டும் என்பதால் இன்டர்வியூவும் இங்கிலீஷில்.

அது கிடைக்காவிட்டால் வெளிநாடு — கட்டார். ஏஜென்ட் தினமும் ஃபோன் செய்துகொண்டிருந்தார். அந்த நம்பரைப் பார்த்தாலே ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

“இங்க பாருங்க. இப்பத்தான் தோணுச்சுன்னா ‘ஐ வில் கம்’. முன்னாடியே நெனைச்சு வச்சிருந்தா ‘ஐ ஆம் கோயிங் டு கம்’. நாள், நேரம் எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னா ‘ஐ ஆம் கமிங்’.”

“வாறது ஒருத்தன். அதுக்கு எதுக்குடி மூணு?”

“கேக்குறவங்களுக்குக் கொழப்பம் வரக்கூடாதுல்ல!”

“‘கோயிங் டு கம்’னா அவன் போறானா, வாறானா? இதுல கொழப்பம் இல்லையாக்கும்?”

நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் எனக்குக் கோபம் வந்தது — வாத்தியார்களுக்கு வருமே, அந்தக் கோபம். “வேலை உறுதியாகிற வரைக்கும் ‘ஐ ஆம் கமிங்’னு மட்டும் வாயைத் தொறந்துடாதீங்க!” என்று பாடத்தை முடித்துவிட்டேன்.

இன்டர்வியூ அன்று ஃபோனும் கையுமாக இருந்தேன். அடித்தது. “என்னங்க ஆச்சு?” என்றேன். “வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணிவிட்டார். இவரை என்ன செய்யலாம், சொல்லுங்கள்!

ஒருவழியாக வந்து சேர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மேனேஜர் ‘வி வில் லெட் யூ நோ’ன்னாரு.”

போச்சு! பெண் பார்க்க வந்துவிட்டு, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்பார்களே... அதே எதிர்காலம்.

“அப்புறம்?”

“எந்திரிச்சேன். நல்ல காரியத்துக்குப் போன எடத்துல ‘போறேன்’னு எப்புடிச் சொல்றது? ‘ஐ ஆம் கமிங், சர்’னேன்.”

சொல்லமாட்டோம்தான். பக்கத்துக் கடைக்குக் கிளம்பினாலும் நாங்கள் “வாறேன்” என்றுதான் சொல்லுவோம். ஆனால் அதை அப்படியே இங்கிலீஷிலுமா?

“அவரு ‘வென்?’னாரு. எப்ப வேலைக்கு வருவேன்னு கேக்குறாருன்னு நெனைச்சு, ‘மண்டே, சர்’னேன். அவரு டைரியைப் பொரட்டிப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. ‘ஓகே, மண்டே’ன்னுட்டாரு.”

எதைச் சொல்லவே கூடாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேனோ, அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

எல்லாம் பேசி முடித்த பிறகுதான் ‘ஐ ஆம் கமிங்’ என்கிறது இலக்கணம். இவர் முதலில் அதைச் சொன்னார், பிறகுதான் எல்லாம் முடிந்தது. இதை எந்த விதியில் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை. கட்டார் இல்லை என்பது மட்டும் தெரியும்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபோன்.

“எங்க இருக்கீங்க?”

“வந்துட்டேன்.”

ஃபோனில் அவருக்குப் பின்னால் கண்டக்டர் “ஹட்டன், ஹட்டன்” என்று கத்துகிறார்; பஸ் இன்னும் நுவரெலியாவை விட்டே கிளம்பவில்லை. கட்டாரிலிருந்து இந்தப் பொய்யைச் சொல்ல முடியுமா?

இருங்கள், இனித்தான் அரிசி களையப் போகிறேன் — இது ‘கோயிங் டு’.