அறுகம்குடாவுக்குப் போன ஐந்து கிலோ சூரை

போனது இரண்டு பேர்: நானும், என் அக்காவான ராத்தாவின் புருஷன் றிஸ்வான் மச்சானும். ராத்தா வரவில்லை, நான்கு மாதக் கைப்பிள்ளை. வாப்பாவும் வரவில்லை. “பச்ச மீன் திங்க நாம என்ன பூனையா?” என்று முதல் நாளே கேட்டுவிட்டார்.

காலை 6.10. நிந்தவூர் பிரதான வீதியில் பொத்துவில் பஸ்ஸை மறித்தோம். மச்சானின் கையில் குளிர் காக்கும் வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டி. அதற்குள் ஐஸ், கட்டிகட்டியாக வெட்டிய ஐந்து கிலோ சூரை. விடியப் பட்ட மீன். கரையில் கொடுத்திருந்தால் கிலோ ஆயிரத்து எண்ணூறு. பெட்டிக்கும் ஐஸுக்கும் 850. என் மடியில் ஒரு போத்தல்: ஹவாய்த் தீவுக்காரர் பச்சை மீனில் பிரட்டிச் சாப்பிடும் சோஸ். கல்முனையில் 4,200 ரூபா.

அறுகம்குடாவில் தங்குமிடம் நடத்தும் ஒருவர் மச்சானிடம் சொல்லியிருந்தார்: மீனை வெட்டி, சோஸோடு கொண்டுவந்து காட்டுங்கள், பிடித்தால் சீசன் முழுக்க ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ. மீன் பிடித்துக் கரை முதலாளி சொன்ன விலைக்கே கொடுத்துப் பழகிய மச்சானுக்கு அது பெரிய வார்த்தை.

“பெட்டிக்குள்ள என்ன?” என்றார் கொண்டக்டர்.

“மீன்.”

“மீன் தண்ணி சீட்டுல பட்டிச்செண்டா ரெண்டு பேரையும் கோமாரிக் காட்டுல இறக்கிருவன். ஆனை பாத்துக்கொள்ளும்.”

ஆளுக்கு 320, பெட்டிக்கு நூறு. பொத்துவிலுக்கு அறுபது கிலோமீற்றர் அளவில் வரும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன் நான்தான். அதனால்தான் என்னையும் கூட்டிப் போனார். போத்தலின் பின்பக்கத்தை இரண்டு நாள் வாசித்தேன். சோயா, எள்ளெண்ணெய், இஞ்சி, சீனி, வினாகிரி. ஹலால் முத்திரை இருந்தது. இருந்தும் விளங்காத பெயர்களையெல்லாம் போனில் தேடினேன். பாவிக்கும் முறை மூன்றே வரி: மீனைக் கட்டிகளாக வெட்டவும், சோஸ் ஊற்றிப் பிரட்டவும், குளிரவைத்துப் பரிமாறவும்.

அன்று விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ராத்தா கேட்டா: “கழுவுற எப்படி எண்டு எழுதி இரிக்கா?”

“அதெல்லாம் இல்ல ராத்தா. பச்சையாத் திங்கிறவங்க, நல்லாக் கழுவுங்க.”

அக்கரைப்பற்றில் பாதிப் பேர் இறங்கினார்கள். தம்பிலுவில் தாண்டும்வரை வயல். கோமாரிக்குப் பிறகு இருபுறமும் பற்றைக்காடு. அதிகம் பேசாத மச்சான் அன்று பேசினார். “பத்துக் கிலோ எண்டா இதவிடப் பெரிய பெட்டி ஒண்டு எடுக்கணும், என்ன மச்சான்?” என்று என்னைக் கேட்டார்.

8.20. பொத்துவில். ஓட்டோவுக்கு 400. பாலம் தாண்டியதும் அலைப்பலகையோடு வெள்ளைக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

தங்குமிடக்காரர் மூடியைத் திறந்தார். ஒரு கட்டியை எடுத்து விரலால் அமர்த்தினார். காலையில் இரத்தச் சிவப்பாக இருந்த மீன் சாம்பல் வெள்ளையாகக் கிடந்தது.

“இது வெந்திரிக்கே தம்பி.”

“அல்லாவே, அடுப்புப் பக்கமே போகல்ல நானா,” என்றார் மச்சான். மூத்தவரை நாங்கள் நானா என்போம்.

அவர் மணந்து பார்த்தார். “தேசிக்காயா?”

“ஓம் நானா. தேசிக்காயும் உப்பும். ரெண்டு தரம் பிசைஞ்சு கழுவின,” என்றார் மச்சான். குறை சொல்ல இடமில்லாத வேலை என்ற குரலில்தான் சொன்னார்.

எங்கள் வீடுகளில் தேசிக்காய் படாத மீன் கழுவாத மீன். அந்த எலுமிச்சைப் புளி நெருப்பில்லாமலே சதையை வெளுக்க வைத்திருந்தது.

இருந்தும் அவர் நேர்மையானவர், சுவைத்துப் பார்க்காமல் எங்களை அனுப்பவில்லை. ஆறிய சோறு, கெக்கரிக்காய், மாங்காய், மேலே எங்கள் மீன், இரண்டு கரண்டி சோஸ். மூவரும் உண்டோம். முதலில் உப்பு, பிறகு எள் வாசம், கடைசியில் இஞ்சி உறைப்போடு ஓர் இனிப்பு. கெக்கரிக்காயிலும் மாங்காயிலும் அது அருமையாகச் சேர்ந்தது. மீன் மட்டும் வாயில் நார்நாராக உதிர்ந்தது.

“சோஸுல பிழையில்ல. ஆனா அவங்க செவப்பாக் கேப்பாங்க, வழுவழுப்பாக் கேப்பாங்க.”

“நாளைக்குத் தேசிக்காய் போடாமக் கொண்டுவாறன் நானா.”

“நாளைக்கு வேற ஒருத்தர் வாறார். அவர்ட சரிவராட்டி கோல் எடுக்கிறன்.”

அந்தப் போன் கோல் வரவில்லை.

மீனை வேலையாட்களுக்குப் பொரிக்கச் சொல்லிக் குசினியில் கொடுத்துவிட்டு, அதே ஓட்டோவில், அதே 400க்குத் திரும்பினோம். பொத்துவில் பஸ் நிலையத்தில் மச்சான் சொன்னார்: “ராத்தாக்கிட்ட கழுவின கதைய எடுக்காத. வாணாமாம் எண்டு மட்டும் செல்லு. அவ அழுவா.”

சோஸ் செய்தவர்களுக்கு மீனைப் புளியில் கழுவாதே என்று எழுதத் தோன்றவில்லை. அங்கே யாரும் அப்படிக் கழுவுவதில்லை. ராத்தாவுக்கும் தேசிக்காய் போடட்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவன் நான் ஒருவன். நான் வாசித்தது எழுதியிருந்ததை மட்டும்.

11.05. திரும்பும் பஸ்ஸுக்கும் ஆளுக்கு 320. ஏறும்முன் ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

“பிழை என்ட, ராத்தா. தண்ணியில மட்டும் கழுவுங்க எண்டு நான் செல்லியிருக்கணும். தேசிக்காயில மீன் வெளுத்துப் போச்சு.”

பிள்ளையின் சிணுங்கல் கேட்டது.

“ஒன்ட மச்சான் சாப்பிட்டாரா?”

“ஓம்.”

“மொத்தம் எவ்வளவு போச்சு?”

மறைக்காமல் சொன்னேன்: பதினாறாயிரத்து இருநூற்று முப்பது ரூபா.