கூரை உச்சியில் பிடித்த தீ

வெற்றிச்செல்விக்குத் தீ வைப்பதுதான் வேலை என்று செந்துறையில் அவள் தெருக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெரம்பலூரில் பட்டப்படிப்பு, திருச்சியில் அனிமேஷன் பயிற்சி, பிறகு சென்னை ஸ்டுடியோ. கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவள், அதன்பின் வீட்டிலிருந்தே சினிமாக்களுக்குக் கணினியில் நெருப்பு உண்டாக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். வெடிக்கும் லாரி, எரியும் கப்பல், எதுவும் அவளைச் சிரமப்படுத்தியதில்லை.

இந்த முறை வந்தது ஒரு கூரை வீடு. ஒன்பது முறை அனுப்பினாள். ஒன்பதும் திரும்பி வந்தன. மேலாளர் வேணுகோபால் போனில் பொறுமையாகத்தான் சொன்னார். பெரிய தீ நிதானமாக எழும்பிப் புரளும், இது மெழுகுவத்தி மாதிரி துடிக்கிறது, பொம்மை வீடு எரிவதுபோல இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

குறை கணினியில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு எட்டு வயதில் அவர்கள் குடிசை எரிந்துபோனது. அன்று சாயங்காலம் கரண்டு இல்லை. வீட்டுப்பாடம் எழுத ஏற்றிய சிமினி விளக்கைத் தட்டிச் சுவரோரம் அப்படியே விட்டுவிட்டு விளையாட ஓடினாள். திரும்பி வந்தபோது தெருவே தண்ணீர்க் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளும் இருபத்தோரு வருடமாக வாய் திறக்கவில்லை. கூரை எரிகிற வீடியோ எதையும் அவளால் கடைசிவரை பார்க்க முடியாது.

வியாழக்கிழமை காலை, முந்திரிக் காட்டு வேலைக்குக் கிளம்பிய அம்மா குஞ்சம்மாள், காபி வைக்க வந்தவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்னடி, தட்டியிலேருந்து எரியுது? நம்ம வூடு மேலேருந்துல்ல புடிச்சுது.”

“மேலேருந்தா?”

“போஸ்ட்டு ஒயரு கூரையில ஒரசிக்கிட்டே கெடந்துச்சு. கரண்டு வந்ததும் உச்சியில பொறி வுழுந்துச்சு. நான் வாசல்ல நின்னு பார்த்தேனே.”

“அப்ப என் வெளக்கு?”

“அத நீ போனதுமே அணைச்சுட்டேன். ஏன் கேக்குற?”

 வெற்றிச்செல்வி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அன்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பார்த்ததையெல்லாம் சொன்னாள். முதலில் தீயே தெரியவில்லை, கூரை முழுக்க வேர்த்ததுபோல மஞ்சள் புகை கசிந்தது. மூங்கில் வெடித்து உச்சி உள்ளே இறங்கிய பிறகுதான் தீ எழும்பிக் காற்றுப் பக்கம் சாய்ந்தது. மகள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். நிஜமாக எரிந்த குடிசைகளின் வீடியோ நான்கைக் கண்ணை விலக்காமல் பார்த்தாள்.

வெள்ளி மத்தியானம் பத்தாவது முறையாக அனுப்பினாள். அரை மணியில் வேணுகோபால் கூப்பிட்டார். “இதாம்மா வேணும். இனி தொடாதே” என்றார்.

அம்மா அதை இன்னொரு தடவை போடச் சொன்னாள். பார்த்துவிட்டு, “உள்ள ஆளு யாரும் இல்லையே?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. யாரும் இல்ல.”

“சரி, வா சாப்பிட. ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல நீ.”

வெற்றிச்செல்வி எழுந்து போனாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.